அடுத்த பந்து வீசப்படும் முன்



பேஸ்பால் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். பயப்பட வேண்டாம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இரண்டே விதிகள் போதும். மட்டை பிடித்தவர் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு, 90 அடி தள்ளியிருக்கும் முதல் பேஸுக்கு ஓடுகிறார். அந்த பேஸில் கால் பதித்து நிற்கும் எதிரணிக்காரரின் கையுறைக்குள் பந்து முந்திப் போய்விட்டால் அவுட். ஓடுகிறவரின் கால் முந்தினால் சேஃப். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். இன்று நான் எடுத்துவைக்கும் வழக்குகளில் முக்கியமானவை அந்த முதல் பேஸில் நடந்தவை.

1985 அக்டோபர் 26. கேன்சஸ் சிட்டி. உலகத் தொடர் இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தொடரில் மூன்றுக்கு இரண்டு என்று முன்னணியில் இருக்கிறது. இந்த ஆட்டத்திலும் 1–0 என்று முன்னணி. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. இன்னும் மூன்று அவுட் எடுத்தால் கோப்பை. கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் தரப்பில் முதலில் இறங்கிய ஹோர்கே ஓர்ட்டா பந்தை மெதுவாக உருட்டிவிட்டு ஓடினார். கார்டினல்ஸின் ஜாக் கிளார்க் அதை எடுத்து, பேஸுக்கு ஓடிவந்த பிட்சர் (பந்து வீசுபவர்) டாட் வோரெலிடம் போட்டார். பந்து கையில், கால் பேஸில், ஓர்ட்டா இன்னும் வந்து சேரவில்லை. அம்பயர் டான் டென்கிங்கர் இரு கைகளையும் விரித்து ‘சேஃப்’ என்றார்.

தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. நாடு முழுவதும் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது. தெரியாதவர் ஒருவர்தான், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குள் வந்தபிறகு, அங்கிருந்த பேஸ்பால் கமிஷனர் பீட்டர் யூபராத்திடம் ‘நான் சொன்னது சரிதானே?’ என்று டென்கிங்கர் கேட்டதாகவும், அவர் இல்லையென்று தலையசைத்ததாகவும் டென்கிங்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த இன்னிங்ஸில் ராயல்ஸ் இரண்டு ரன் எடுத்து 2–1 என்று வென்றது. மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் கார்டினல்ஸ் 11–0 என்று நொறுங்கியது. டென்கிங்கருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன.

ஒரு துணுக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கார்டினல்ஸ் ரசிகர்கள் இதை விரும்பிச் சொல்வதில்லை. சேஃப் என்று தவறாகக் காப்பாற்றப்பட்ட அந்த ஓர்ட்டா ரன் எடுக்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது பேஸில் அவுட் ஆகிவிட்டார். இடையில் எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய ஒரு பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது. மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் ஒரு பந்தைக் கோட்டைவிட்டார். தோல்விக்கு அவர்கள் பங்கும் உண்டு. ஆனாலும் அந்த முதல் அவுட் கிடைத்திருந்தால் மற்றதெல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்பதையும் யாரும் மறுக்க முடியாது.

ஏன் இப்படிப் பிசகுகிறது? முதல் பேஸ் அம்பயரின் வேலை விசித்திரமானது. கால் பேஸைத் தொடுவதையும் பந்து கையுறையில் விழுவதையும் ஒரே நேரத்தில் இரண்டு கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கண் காலைப் பார்க்கும், காது பந்தைக் கேட்கும். தோலில் பந்து மோதும் ‘டப்’ என்ற சத்தம் முந்தியதா, கால் முந்தியதா என்பதுதான் கணக்கு. மற்ற நாட்களில் இது வியக்கத்தக்க அளவு சரியாக வரும். ஆனால் உலகத் தொடரின் ஒன்பதாவது இன்னிங்ஸில் அரங்கமே அலறும்போது? பந்தை வேகமாக எறியாமல் மெதுவாகத் தட்டிப் போட்டால்? காதுக்கு ஒன்றும் வராது. டென்கிங்கருக்கு நேர்ந்தது அதுதான்.

அப்படியானால் திருத்துவதற்கு வழியே இல்லையா? இருந்தது, ஆனால் வேறு வகைத் தவறுக்கு. பேஸ்பால் சட்டம் இரண்டைப் பிரித்து வைத்திருந்தது: விதியைத் தவறாகப் புரிந்துகொண்டால் மேல்முறையீடு செய்யலாம், கண்ணால் பார்த்துச் சொன்னது தவறானால் செய்ய முடியாது. 1983 ஜூலை 24 அன்று நியூயார்க்கில், இதே ராயல்ஸ் அணியின் ஜார்ஜ் பிரெட் ஒன்பதாவது இன்னிங்ஸில், நம் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் அடித்தார். அவர் மட்டையில் பைன் மரப் பிசின் அனுமதித்த 18 அங்குலத்தைத் தாண்டிப் பூசியிருக்கிறது என்று சொல்லி அம்பயர்கள் அவரை அவுட் ஆக்கினார்கள். பிரெட் வெறிபிடித்தவர்போல் ஓடிவந்த காட்சியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். லீகின் தலைவர் லீ மெக்ஃபெயில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். ஹோம் ரன் செல்லும் என்றார். ஆட்டம் விட்ட இடத்திலிருந்து ஆகஸ்ட் 18 அன்று, 25 நாள் கழித்து, மறுபடி ஆடப்பட்டது. பிசின் எத்தனை அங்குலம் என்ற விவகாரத்துக்கு 25 நாள் கழித்தும் நியாயம் வழங்கியவர்கள், கோப்பையைத் தீர்மானிக்கும் ஓட்டத்தில் எல்லோரும் கண்ணால் கண்ட தவறுக்கு ‘முடிந்தது முடிந்ததுதான்’ என்றார்கள். இந்த முரண்பாடு 2014 வரை நீடித்தது.

இதற்கிடையில் மற்ற ஆட்டங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அமெரிக்கக் கால்பந்து, காட்சியைத் திரும்பப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் ரீப்ளேயை 1986-இல் ஏற்று, 1992-இல் கைவிட்டு, 1999-இல் மறுபடி ஏற்றுக்கொண்டது. நம் கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் வந்தது 1992 நவம்பரில், டர்பன் டெஸ்டில். அந்த முறையில் அவுட் ஆன முதல் ஆட்டக்காரர் சச்சின் டெண்டுல்கர், ரன் அவுட். பேஸ்பால் 2008 ஆகஸ்டில்தான் மெல்ல ஒரு காலை எடுத்து வைத்தது. அதுவும் ஹோம் ரன்னா இல்லையா என்ற ஒன்றுக்கு மட்டும்.

ரீப்ளேயை எதிர்த்தவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் சொன்னதில் மூன்றைக் கேட்டிருப்பீர்கள். நேரம் வீணாகும் என்றார்கள். அம்பயரின் மதிப்பு குறையும் என்றார்கள். மனிதத் தவறும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்றார்கள். முதலாவதற்கு நான் நேரம் செலவிடப்போவதில்லை. அணியை நடத்தும் மேனேஜர் மைதானத்துக்குள் ஓடிவந்து, தொப்பியைத் தரையில் அடித்து, மண்ணை உதைத்து, அம்பயரின் மூக்கோடு மூக்கு வைத்துக் கத்தி வெளியேற்றப்படும் வரைக்கும் எத்தனை நிமிடம் ஆகும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. அட்லாண்டாவின் பாபி காக்ஸ் தன் வாழ்நாளில் 150 முறைக்கு மேல் இப்படி வெளியேற்றப்பட்டவர். ரசிக்கத்தக்க நாடகம்தான், ஒப்புக்கொள்கிறேன். சிக்கனமான நாடகம் அல்ல.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. பேஸ்பால் மைதானத்தின் ஸ்கோர் பலகையைப் பாருங்கள். ரன், ஹிட், எரர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். தோற்றவன் எத்தனை முறை பந்தைக் கோட்டைவிட்டான் என்பதைக்கூட ஊரறிய எழுதிவைக்கும் ஆட்டம் இது. ஆட்டக்காரனின் தவறு ஆட்டத்தின் பகுதி என்பது அந்தப் பலகையிலேயே தெரிகிறது. அம்பயரின் தவறுக்கு அங்கே கட்டம் கிடையாது. ஏனென்றால் அவர் ஆடுபவர் அல்லர். ஆடியது என்ன என்று சொல்பவர். சொல்வதில் நேர்ந்த பிழையை ஆட்டத்தில் நேர்ந்த பிழையோடு சேர்த்துக் கட்டுவது நியாயமல்ல.

ஆட்களைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. சாதாரண ஆட்டத்துக்கு நான்கு அம்பயர்கள். முக்கியமான அக்டோபர் ஆட்டங்களுக்கு ஆறு. கூடுதலாக வரும் இருவரும் வெளிக்கோட்டோரம் நிற்பார்கள். 2009 அக்டோபரில் யாங்கி ஸ்டேடியத்தில், மினசோட்டாவின் ஜோ மாவர் அடித்த பந்து இடது கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்ப்பதற்கென்றே நிறுத்தப்பட்டிருந்த ஃபில் குஸி, சில அடி தூரத்தில் நின்றபடி ‘ஃபவுல்’, அதாவது கோட்டுக்கு வெளியே, என்றார். பக்கத்தில் நிற்பதும் பார்ப்பதும் ஒன்றல்ல.

இனி, 2010 ஜூன் 2. டெட்ராய்ட். இந்த வழக்கைப் பற்றி நீண்டு பேசுவதற்கு மன்னிக்கவும், பேச வேண்டியிருக்கிறது.

எதிரணியின் 27 பேரையும் ஒருவரைக்கூட முதல் பேஸை அடையவிடாமல் வரிசையாக வெளியேற்றினால் அதற்கு ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்று பெயர். பேஸ்பாலின் உச்சநிலை லீகான மேஜர் லீகின் வரலாற்றில் அன்றுவரை அது இருபது முறைதான் நடந்திருந்தது. வெனிசுவேலாவிலிருந்து வந்த ஆர்மாண்டோ கலராகா பெரிய நட்சத்திரம் அல்லர். அன்று கிளீவ்லாந்துக்கு எதிராக 26 பேரை வரிசையாக வெளியேற்றிவிட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸின் தொடக்கத்தில் ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டி ஓடிப்போய்ப் பிடித்த பந்து, இன்று பெர்ஃபெக்ட் கேம் நிச்சயம் என்று எல்லோரையும் நம்பவைத்தது. 27-ஆவது ஆள் ஜேசன் டொனால்ட். பந்தை உருட்டினார். முதல் பேஸ்காரர் மிகேல் கப்ரேரா அதை எடுத்து எறிய, கலராகா ஓடிவந்து பேஸில் கால் வைத்துப் பிடித்தார். ஓடியவர் ஏறக்குறைய ஒரு முழு அடி பின்னால் இருந்தார். ஜிம் ஜாய்ஸ் ‘சேஃப்’ என்றார்.

கலராகா கத்தவில்லை. சிரித்தார். எரிச்சலும் ஏளனமும் இல்லாத சிரிப்பு. திரும்பிப் போய் அடுத்த ஆளுக்குப் பந்து வீசி, அவரை அவுட் ஆக்கி, ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். ஜாய்ஸ் தன் அறைக்குப் போய்க் காட்சியைப் பார்த்ததும், அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான்தான் பறித்துவிட்டேன் என்று செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். கலராகாவைக் கட்டிப்பிடித்து அழுதார். மறுநாள் பகலாட்டம். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டில் ஜாய்ஸ்தான் அம்பயர். அணியின் பெயர்ப்பட்டியலை அம்பயரிடம் கொடுக்கும் வேலை வழக்கமாக மேனேஜருடையது. அன்று டெட்ராய்ட் தரப்பில் அதை எடுத்துக்கொண்டு போனவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை வாங்கினார்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் பலர் ரீப்ளே வேண்டாம் என்கிறார்கள். பாருங்கள், தவறு நடந்ததால்தானே இந்த மன்னிப்பு பிறந்தது, திருத்தியிருந்தால் இது கிடைத்திருக்குமா என்று கேட்கிறார்கள். எனக்கு இந்த வாதத்தைக் கேட்டால் கோபம் வருகிறது. அடுத்தவனின் உழைப்பைப் பலிகொடுத்து நாம் நெகிழ்ச்சியைச் சம்பாதித்துக்கொள்வது என்ன நியாயம்? அதே மாதம் வீரர்களிடம் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் மிகச் சிறந்த அம்பயர் என்று அதிகம் பேர் குறிப்பிட்டது இதே ஜாய்ஸைத்தான். இருபது ஆண்டுக்கு மேல் நேர்மையாக உழைத்த ஒருவர், ஒரே ஒரு நொடியால் அறியப்படும்படி ஆயிற்று. ரீப்ளே அம்பயரின் மதிப்பைக் குறைக்கும் என்றவர்களுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை. அன்றிரவு அதற்கு இடம் இருந்திருந்தால், ஒரு நிமிடத்தில் தீர்ப்பு மாறியிருக்கும். ஜாய்ஸின் பெயர் நமக்குத் தெரிந்தேயிருக்காது.

ஆனால் இரண்டு ஆண்டு கழித்து, 2012 ஜூன் 1 அன்று, நியூயார்க் மெட்ஸின் யோஹான் சன்டானா ஒரு ஹிட்கூட (மட்டையாளரை பேஸுக்குச் சேர்க்கும் அடி) கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். 1962-இல் தொடங்கிய அந்த அணி எட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும் அதற்கு முன் ஒரு நோ ஹிட்டர் கண்டதில்லை. ஊரே கொண்டாடியது. ஆறாவது இன்னிங்ஸில் கார்லோஸ் பெல்ட்ரான் அடித்த பந்து மூன்றாவது பேஸுக்கு அப்பால் கோட்டின்மேல் விழுந்து சுண்ணாம்பைக் கிளப்பியது. கோடும் உள்பகுதியே, அது நியாயமான ஹிட். அம்பயர் ஃபவுல் என்றார். கலராகாவுக்குப் பறிபோனது போலவே சன்டானாவுக்குக் கிடைத்தது. இதைத் திருத்தியே ஆகவேண்டும் என்று கலராகாவுக்காகக் கேட்ட அளவுக்கு யாரும் கேட்கவில்லை. பறித்த தவறு நமக்கு உறுத்துகிறது, கொடுத்த தவறு உறுத்துவதில்லை. ரீப்ளே இருந்தால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கும். அது சிலருக்குப் பிடிக்காது.

2014-இல் பேஸ்பால் துணிந்தது. ஜோ டோரி, டோனி லா ரூசா, ஜான் ஷூர்ஹோல்ஸ் என்ற மூன்று மூத்தவர்கள் திட்டம் வகுத்தார்கள். மேனேஜர் ஒரு தீர்ப்பை எதிர்த்துக் கேட்கலாம். அவர் பக்கம் சரியென்றால் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். மைதானத்து அம்பயர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு நிற்பார். நியூயார்க்கில் ஒரு மைய அறையில் உட்கார்ந்திருக்கும் இன்னோர் அம்பயர் எல்லாக் கோணங்களையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். முதல் பருவத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட தீர்ப்புகள் மறுபடி பார்க்கப்பட்டன; ஏறத்தாழப் பாதி மாற்றப்பட்டன.

தொடக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மேனேஜர் மைதானத்துக்குள் நடந்துவந்து அம்பயரிடம் வீட்டு நலம் விசாரிப்பார். உண்மையில் அவர் விசாரிப்பது நேரம் கடத்துவதற்கு. பின்னால் அணியின் ஆள் ஒருவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று கட்டைவிரலைக் காட்டும்வரை பேச்சு நீளும். பிறகு படிப்படியாக நெருக்கினார்கள். இன்று முடிவெடுக்க மேனேஜருக்கு 15 வினாடிதான்.

அந்த ‘வீடியோவைப் பார்க்கும் ஆள்’ பெரிய வினையானார். ஒவ்வோர் அணிக்கும் ஆட்டம் நடக்கும்போதே எல்லாக் கேமராவையும் பார்க்கும் அறை ஒன்று சட்டப்படியே கிடைத்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியினர் 2017-இல் அந்த அறையில் உட்கார்ந்து, நடுமைதானக் கேமரா வழியாக எதிரணிக் கேட்சர் விரலால் காட்டும் சைகைகளைப் படிக்கத் தொடங்கினார்கள். பிறகு தங்கள் இருக்கைக்கு அருகிலேயே ஒரு திரையை வைத்து, வரப்போவது எந்த வகைப் பந்து என்று மட்டையாளருக்குத் தெரிவிக்கக் குப்பைத் தொட்டியைத் தட்டினார்கள். அந்த ஆண்டு கோப்பையையும் வென்றார்கள். 2020 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்தது. 50 லட்சம் டாலர் அபராதம், பொது மேலாளரும் மேனேஜரும் ஓராண்டு இடைநீக்கம். நியாயம் வழங்கக் கட்டிய அறையிலிருந்து திருட்டு தொடங்கியதை ரீப்ளேயை ஆதரிப்பவன் என்ற முறையில் நான் மறைத்துவிட்டுப் போக முடியாது. கருவியின் குற்றமல்ல என்று தட்டிக்கழிக்கவும் மாட்டேன். கேமராவை அணிகளின் கையில் கொடுத்ததுதான் பிழை. எதிர்த்துக் கேட்பதா என்பதை மைதானத்தில் இருப்பவர்கள் தங்கள் கண்ணை நம்பித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்த சங்கடம் நுணுக்கமானது. இரண்டாவது பேஸுக்குச் சறுக்கிவரும் ஓட்டக்காரர் நேரத்துக்கு வந்துவிட்டார், சேஃப். ஆனால் சறுக்கிய வேகத்தில் அவர் கால் பேஸிலிருந்து நூலளவு எழும்பி மறுபடி படிகிறது. அந்தக் கணத்தில் கையுறை அவர்மேல் பட்டபடி இருந்தால், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அவுட் என்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் யாரும் அவுட் என்று நினைக்காத, மைதானத்தில் ஒருவரும் கேட்காத ஒன்று. இது தவறைத் திருத்துவதல்ல. புதிதாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பது.

இங்கேதான் என் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். ரீப்ளே வேண்டும். ஆனால் அது எதற்கு? அரங்கத்தில் எல்லோரும் கண்டுவிட்ட, அம்பயர் மட்டும் தவறவிட்ட பிழையைத் துடைப்பதற்கு. யாருமே காணாததைத் தோண்டி எடுப்பதற்கல்ல. ஆகவே நியூயார்க் அறையில் படத்தை உறையவைத்துப் பார்க்கக் கூடாது. நடந்த வேகத்திலேயே, எத்தனை கோணத்தில் வேண்டுமானாலும் பார்க்கட்டும். அப்படிப் பார்த்தும் சந்தேகம் இருந்தால், அம்பயர் சொன்னதே நிற்கட்டும். கிரிக்கெட்டில் ‘அம்பயர்ஸ் கால்’ என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேலி செய்யாத தேநீர்க் கடை கிடையாது. எனக்கு அதில் ஒரு விவேகம் தெரிகிறது.

வீசிய பந்து மட்டையாளருக்கு எதிரிலுள்ள கற்பனைக் கட்டத்தில் பட்டதா (ஸ்ட்ரைக்), விலகிப்போனதா (பால்) என்ற விஷயத்துக்கும் கேமரா இப்போது வந்துவிட்டது. 2001-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பந்தின் பாதையைக் காட்டத் தொடங்கிய ஹாக்-ஐ, 2020 முதல் மேஜர் லீக் மைதானங்களில் பேஸ்பாலைப் பின்தொடர்கிறது. ஒவ்வொரு பந்தையும் இயந்திரமே சொல்லட்டும் என்று கீழ்நிலை லீகுகளில் சோதித்துப் பார்த்தார்கள், ஆட்டக்காரர்களுக்கே பிடிக்கவில்லை. அம்பயர் சொன்னதை எதிர்த்துக் கேட்கும் முறையீட்டு வழியைத்தான் விரும்பினார்கள். 2026 பருவம் முதல் மேஜர் லீகிலும் அப்படியே என்று 2025 செப்டம்பரில் முடிவானது: அணிக்கு இரண்டு முறையீடு, வென்றால் குறையாது, கேட்கும் உரிமை பிட்சர், கேட்சர், பேட்டர் மூவருக்கு மட்டும், கேட்க நினைப்பவர் உடனே தன் தலையைத் தட்ட வேண்டும். மேனேஜருக்கு இடமில்லை, வீடியோ அறைக்கு இடமில்லை, உள்ளிருந்து யாரும் சைகை காட்டக் கூடாது. ஆஸ்ட்ரோஸ் விவகாரத்திலிருந்து யாரோ பாடம் படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பந்து கட்டத்தின் ஓரத்தை மயிரிழை தொட்டாலும் ஸ்ட்ரைக் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

காலம் கடந்து திருத்துவதைப் பற்றியும் கேட்பீர்கள். கலராகாவின் ஆட்டத்தை இப்போதாவது பெர்ஃபெக்ட் கேமாகப் பதிவுசெய்யுங்கள் என்று கோரிக்கைகள் எழுந்தன. மிச்சிகன் ஆளுநர் அந்த வாரமே அப்படி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கமிஷனர் பட் செலிக் மறுத்தார். அவர் பக்கம்தான் நான். முறையீட்டுக்கு ஒரு கெடு உண்டு: அடுத்த பந்து வீசப்படும் முன். அது வீசப்பட்டபின் அதன்மேல் கட்டப்பட்ட எல்லாவற்றையும் கலைக்க வேண்டியிருக்கும். அன்று கலராகா இன்னோர் ஆளுக்கும் பந்து வீசி அவுட் ஆக்கினாரே, அந்த 28-ஆவது ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது?

என் விதியின்படி பழைய வழக்குகளைப் பார்த்தால் கலராகாவுக்கு நியாயம் கிடைக்கும். அது எந்த வேகத்தில் பார்த்தாலும் அவுட். மாவருக்குக் கிடைக்கும். சன்டானாவின் நோ ஹிட்டர் போகும். 2011 ஜூலையில் அட்லாண்டாவில் நள்ளிரவு தாண்டி, 19-ஆவது இன்னிங்ஸில், ஹோம் பிளேட்டுக்கு ஓடிவந்த ஜூலியோ லூகோவை பிட்ஸ்பர்க் கேட்சர் வழியிலேயே மடக்கியும் ஜெர்ரி மீல்ஸ் சேஃப் என்று சொல்லி ஆட்டத்தை முடித்துவைத்தாரே, அது? கையுறை காலில் பட்டதா, காற்றைத் தொட்டதா என்று நடந்த வேகத்தில் பார்த்து என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. மறுநாள் லீக் நிர்வாகமே அது தவறாகத்தான் தெரிகிறது என்று சொன்னது. என் விதியில் அது மீல்ஸ் சொன்னபடியே நிற்கும். பிட்ஸ்பர்க்காரர்களுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும்.